இரவு 10 மணிக்கு மேல் எதிர்க் கட்டடத்துத் தொலைபேசிகள் திக்குகின்றன. மேக் அட்டவணையில் ஒரு சர்வர் மட்டும் இல்லை

இரவுப்பணி (செவ்வாய், காலை 6.10)

வணக்கம். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். மூன்று வாரமாக ஒரு சிக்கல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

முதன்மைக் கட்டடத்தில் ஒரு மைய ஸ்விட்ச். நெட்வொர்க்கை வி-லேன்கள் என்று தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறோம்; அவற்றுக்கு இடையில் தரவை வழியனுப்பும் ரூட்டிங்கும் அதிலேயே நடக்கிறது. தளத்துக்கு ஒன்றாக ஆறு ஸ்விட்சுகள் அதோடு இணைந்திருக்கின்றன. எல்லாமே சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருள் ஓடுபவை. சாலைக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடம். மகப்பேறும் குழந்தைகள் பிரிவும் அங்கே. சாலையைத் தோண்ட அனுமதி கிடைக்காததால் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஒரு ரேடியோ இணைப்பு போட்டிருக்கிறார்கள். 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. பகலில் அதில் 15 மெகாபிட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

இரவு 10 மணிக்கு பேக்கப் தொடங்கும். ஸ்கேன் படங்களை வைத்திருக்கும் கணினிகள் வி-லேன் 10-இல். பேக்கப் சர்வர் வி-லேன் 20-இல், மைய ஸ்விட்சிலேயே செருகப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கட்டடம். ரேடியோ பக்கம் அந்தத் தரவு எட்டிப் பார்க்கவே தேவையில்லை. ஆனால் 10 மணி அடித்ததும் எதிர்க் கட்டடத்து ஐபி தொலைபேசிகளில் குரல் துண்டு துண்டாக வருகிறது. குழந்தைகள் பிரிவின் இரவுச் செவிலியர் மருத்துவரை அழைத்தால் பாதிச் சொல்தான் போய்ச் சேருகிறது. வேடிக்கை பார்க்கும் விஷயம் அல்ல இது.

விசித்திரம் என்னவென்றால், மைய ஸ்விட்சுக்குள் நுழைந்து அங்கிருந்து பேக்கப் சர்வரை பிங் செய்தால், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்டால், பதில் ஒழுங்காக வருகிறது. அந்த நொடியே தொலைபேசிகளும் தெளிந்துவிடுகின்றன. அப்பாடா என்று டீ குடிக்கப் போனால் டம்ளர் காலியாவதற்குள் மறுபடி அழைப்பு. நேற்று ஒரு சந்தேகத்தில், எந்தக் கருவியின் மேக் முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும் மேக் அட்டவணையைப் பார்த்தேன். பேக்கப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பேக்கப் சர்வரின் முகவரி அட்டவணையில் இல்லை! ஓடுகிற சர்வர் எப்படிக் காணாமல் போகும்?

வளையம்_தேடி (செவ்வாய், காலை 7.25)

கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன்: வளையம். யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் சுவரிலேயே செருகியிருப்பார்கள். பதிவேட்டில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையில் தாவுவதாக எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை நான் பார்த்த பத்துச் சிக்கல்களில் எட்டு வளையம்தான்.

கோட்டைக்காவல் (செவ்வாய், காலை 9.02)

எனக்கு வேறு சந்தேகம். இது தாக்குதலாக இருக்கலாம். டக் சாங் எழுதிய டிஸ்னிஃப் தொகுப்பில் மேகாஃப் என்றொரு கருவி உண்டு. பொய்யான மூல முகவரிகளோடு ஃபிரேம்களை (தரவுப் பொட்டலங்களை) மழையாகப் பொழியும். மேக் அட்டவணை நிரம்பி வழிந்ததும் புதிய முகவரிகளுக்கு இடம் இருக்காது. இடம் கிடைக்காத முகவரிக்கு வரும் ஃபிரேம்களை ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்; பழைய ஹப் போலவே நடந்துகொள்ளும். உங்கள் மருத்துவமனையில் யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு போர்ட்டில் இத்தனை முகவரிகள்தான் என்று கட்டுப்படுத்தும் போர்ட் செக்யூரிட்டி போட்டிருக்கிறீர்களா?

இரவுப்பணி (செவ்வாய், இரவு 10.48)

இருவருக்கும் நன்றி. முகவரி தாவும் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. மைய ஸ்விட்சின் செயலி 9 சதவீதத்தில் சும்மா இருக்கிறது. வளையமாக இருந்தால் மூச்சுத் திணறியிருக்கும்.

அட்டவணையில் மொத்தம் 412 முகவரிகள். ஆயிரக்கணக்கில் இடம் இருக்கிறது. எந்தப் போர்ட்டிலும் கூட்டமாகப் புது முகவரிகள் குவியவில்லை. போர்ட் செக்யூரிட்டி போடவில்லை; திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று கவனித்தேன். வி-லேன் 20-இல் இருக்கும் எல்லாப் போர்ட்டுகளிலும் வெளியே போகும் வேகம் ஏறக்குறைய ஒரே எண்: 380 மெகாபிட். ரேடியோவுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் 100 மெகாபிட், அதோடு கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

கோஆக்ஸ் காலத்தவர் (புதன், காலை 5.40)

தம்பி, அந்தக் கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதியிருந்தால் நேற்றே தூங்கியிருப்பீர்கள்.

எல்லாப் போர்ட்டிலும் ஒரே வேகம் என்றால் ஒரு ஃபிரேம் வர, அதன் நகல் எல்லா வாசலுக்கும் போகிறது என்று பொருள். ஸ்விட்ச் இதைச் செய்வது மூன்று சமயங்களில்: எல்லோருக்குமான பிராட்காஸ்ட் வரும்போது; மல்டிகாஸ்டில் யார் கேட்கிறார்கள் என்று தெரியாதபோது; ஒருவருக்கு மட்டுமான ஃபிரேம்தான், ஆனால் அந்த ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது. உங்களுடையது மூன்றாவது. முகவரி அட்டவணையில் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபிரேமில் இரண்டு முகவரிகள் உண்டு: யாருக்கு, யாரிடமிருந்து. ஸ்விட்ச் கற்றுக்கொள்வது ‘யாரிடமிருந்து’ என்பதிலிருந்து மட்டும். 7-ஆம் போர்ட்டில் ஒரு ஃபிரேம் நுழைந்தால், அதன் அனுப்புநர் 7-ஆம் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கிறார் என்று வி-லேன் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொள்ளும். பிறகு ‘யாருக்கு’ என்பதை அட்டவணையில் தேடும். இருந்தால் அந்த ஒரு போர்ட்டில் அனுப்பும். பெறுநரும் ஃபிரேம் வந்த போர்ட்டிலேயே இருந்தால் பேசாமல் கீழே போட்டுவிடும். இல்லாவிட்டால் அந்த வி-லேனின் மற்ற எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். ஒரு சர்வருக்கு ஒரு கோடி ஃபிரேம்கள் போனாலும் அவற்றால் அதன் இருப்பிடம் பதிவாகாது. அந்த சர்வர் வாயைத் திறக்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். உங்கள் மருத்துவமனையில் அழாத ஒரு பிள்ளைக்காக ஊர் முழுக்கப் பால் ஊற்றுகிறார்கள்.

பேக்கப் டிசிபி-யில்தானே ஓடும்? அப்படியானால் சர்வர் ஓயாமல் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒப்புகை அனுப்பியாக வேண்டும். அந்த ஒப்புகைகள் எந்த வழியாகப் போகின்றன? இன்று இரவு எதிர்க் கட்டடத்தில் வி-லேன் 20-இல் ஒரு போர்ட்டில் மடிக்கணினியைச் செருகி, அங்கே வரும் ஃபிரேம்களை வயர்ஷார்க் மென்பொருளில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அந்த சர்வரில் எத்தனை நெட்வொர்க் அட்டைகள் என்பதையும் எழுதுங்கள்.

முதலாண்டு_மாணவி (புதன், காலை 8.15)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன். மேக் அட்டவணையும் ஏஆர்பி அட்டவணையும் ஒன்றுதானே? இரண்டிலும் மேக் முகவரி இருக்கிறது. ஒன்றில் சர்வர் இல்லையென்றால் மற்றதிலும் இருக்காது அல்லவா? அப்படியானால் ரூட்டருக்கு அந்த முகவரி எப்படிக் கிடைத்தது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தெரியாத ஆளாக இருந்தால் ஸ்விட்ச் ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டு அனுப்பக் கூடாதா?

தாமரைக்குளம் (புதன், காலை 10.30)

நல்ல கேள்வி. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இங்கேதான் இடறி விழுவார்கள்.

ஏஆர்பி அட்டவணை ‘இந்த ஐபி முகவரிக்கு உரியவரின் மேக் முகவரி என்ன’ என்று சொல்லும். ரூட்டரும் கணினிகளும் வைத்துக்கொள்வது அது. மேக் அட்டவணை ‘இந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டுக்குப் பின்னால்’ என்று சொல்லும். அதற்கு ஐபி என்றால் என்னவென்றே தெரியாது. மைய ஸ்விட்ச் போன்ற மூன்றாம் அடுக்கு ஸ்விட்சில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் உண்டு. ஆனால் அவை ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் சகோதரர்கள் மாதிரி. ஒருவர் மறந்ததை மற்றவரிடம் சொல்வதில்லை.

மறதிக் கணக்கும் வேறு. மேக் அட்டவணையில் ஒரு முகவரியிலிருந்து 300 நொடி எந்த ஃபிரேமும் வராவிட்டால் அந்த வரி அழிந்துவிடும். பெரும்பாலான ஸ்விட்சுகளில் இதுதான் இயல்பு அளவு. லினக்ஸ் பிரிட்ஜிலும் 300 நொடிதான். ஏஆர்பி-யோ சிஸ்கோ ஐஓஎஸ்-இல் 14,400 நொடி, அதாவது 4 மணி நேரம். ஜூனிபரின் ஜூனோஸில் 20 நிமிடம். ஆகவே ரூட்டருக்கு ஆளின் பெயர் நினைவிருக்கும். வீடு எதுவென்று ஸ்விட்சுக்கு மறந்துபோயிருக்கும். இதற்கு மேல் ஊகிக்க மாட்டேன், வயர்ஷார்க் வரட்டும்.

இரண்டாவது கேள்வியை ஐயாவே சொல்லட்டும், அவருக்குப் பிடித்த கதை அது.

கோஆக்ஸ் காலத்தவர் (புதன், மதியம் 1.05)

பிடித்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன் அம்மா. 1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஸ்விட்சின் முன்னோடியான ஈதர்நெட் பிரிட்ஜைச் செய்தபோது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: நடுவில் பிரிட்ஜ் இருப்பதே கணினிகளுக்குத் தெரியக் கூடாது. கணினியில் ஒரு வரி மென்பொருள்கூட மாற்றக் கூடாது. தன் இருப்பை மறைத்துக்கொண்டவன் யாரிடம் போய் ‘நீ யார்’ என்று கேட்பான்? திண்ணையில் உட்கார்ந்து யார் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். பார்த்ததில்லை என்றால் எல்லா வீட்டிலும் கொடுத்துவிடு, உரியவர் எடுத்துக்கொள்வார். பிரிட்ஜுகள் வளையமாகிவிட்டால் இந்தக் கொட்டல் முடிவே இல்லாமல் சுற்றும் என்பதால்தான் அதே நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் 1985-இல் வளையத்தைத் துண்டிக்கும் ஸ்பானிங் ட்ரீயைச் செய்தார்.

முதன்முதலில் ஈதர்நெட் ஸ்விட்ச் என்று சந்தைக்கு வந்தது 1990-இல். விற்ற நிறுவனத்தின் பெயர் கல்பனா! நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. உங்கள் ரேக்கில் இருக்கும் பெட்டியின் பாட்டி பெயர் கல்பனா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி (புதன், இரவு 11.37)

பிடித்துவிட்டேன். மடிக்கணினிக்குச் சம்பந்தமே இல்லாத ஃபிரேம்கள் குற்றால அருவி மாதிரி கொட்டுகின்றன. எல்லாமே மைய ஸ்விட்சின் மேக் முகவரியிலிருந்து பேக்கப் சர்வரின் மேக் முகவரிக்கு. ஐந்து நிமிடப் பதிவில் எதிர்த் திசையில் ஒரு ஃபிரேம்கூட இல்லை! தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்பது போல இருக்கிறது.

சர்வர் லினக்ஸ். இரண்டு அட்டைகள். ஒன்று வி-லேன் 20-இல், பேக்கப் தரவு வாங்குவதற்கு. இன்னொன்று வி-லேன் 30-இல், நிர்வாகத்துக்கு. நிறுவியவர்கள் டீஃபால்ட் கேட்வேயை, அதாவது மற்ற வி-லேன்களுக்குப் போகும் பொது வாசலை, வி-லேன் 30-இல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் எடுத்தேன். மைய ஸ்விட்சிலிருந்து ஒரே ஒரு பிங் அனுப்பிவிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். தொலைபேசிகள் மறுபடி கெட்டது 5 நிமிடமும் சில நொடிகளும் கழித்து. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே.

கோஆக்ஸ் காலத்தவர் (வியாழன், காலை 5.35)

அவ்வளவுதான், ஆள் சிக்கிவிட்டார்.

நடப்பது இது. ஸ்கேன் கணினி வி-லேன் 10-இலிருந்து அனுப்புகிறது. மைய ஸ்விட்ச் அதை வி-லேன் 20-க்கு மாற்றி, ஏஆர்பி-யில் இருக்கும் மேக் முகவரியை எழுதி அனுப்புகிறது. சர்வர் முதல் அட்டையில் வாங்குகிறது. ஒப்புகை போக வேண்டியது வி-லேன் 10-க்கு. சர்வரின் ரூட்டிங் அட்டவணையில் அதற்குத் தனி வழி இல்லை, டீஃபால்ட் கேட்வே வி-லேன் 30-இல். ஆகவே ஒப்புகை இரண்டாவது அட்டை வழியாக, இரண்டாவது அட்டையின் மேக் முகவரியோடு வெளியேறுகிறது. முதல் அட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது, எதையும் அனுப்புவதில்லை. முன்வாசலில் வாங்கிக் கொல்லைப்புறமாகப் பதில் சொல்லும் வீடு. 300 நொடியில் முன்வாசல் அட்டவணையிலிருந்து போய்விடும். ஏஆர்பி-க்கோ 4 மணி நேரம் கவலை இல்லை. அதைப் புதுப்பிக்க மைய ஸ்விட்ச் கேட்கும்போது மட்டும் முதல் அட்டை ஒரு பதில் தரும். அதன் பலன் 5 நிமிட நிம்மதி. பிறகு மறுபடி வெள்ளம்.

உங்கள் பிங் மர்மமும் இதுதான். மைய ஸ்விட்சிலிருந்து பிங் செய்தால் அனுப்புநர் முகவரி வி-லேன் 20-இலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லக் கேட்வே தேவையில்லை, முதல் அட்டையே வாய் திறந்துவிடும். உங்கள் மேசையிலிருந்து, அதாவது வேறு வி-லேனிலிருந்து பிங் செய்திருந்தால் பதில் வந்திருக்கும், தொலைபேசி சரியாகியிருக்காது. இத்தனை நாள் நீங்கள் நோயைப் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

வளையம்_தேடி (வியாழன், காலை 7.10)

வளையம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. லினக்ஸில் ஆர்பி-ஃபில்டர் (rp_filter) என்ற அமைப்பு 1 என்று இருந்தால், பதில் போகும் வழி வேறு அட்டையாக இருக்கும் பாக்கெட்டை அது உள்ளேயே விடாது. பேக்கப் ஓடியிருக்கவே கூடாது.

இரவுப்பணி (வியாழன், காலை 7.48)

பார்த்தேன். 0 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்த்தால் நிறுவிய நாளன்றே.

வளையம்_தேடி (வியாழன், காலை 7.55)

ஆக, வீட்டு நாய் அன்றைக்கே குரைத்திருக்கிறது. திருடனைத் தேடாமல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சபாஷ்.

கோட்டைக்காவல் (வியாழன், காலை 9.20)

தாக்குதல் என்ற என் ஊகம் தவறு. தீர்வுக்கு வருவோம். எளிய வழி: ரேடியோ போர்ட்டில் தெரியாத யூனிகாஸ்டை (இருப்பிடம் தெரியாத ஒருவருக்கான ஃபிரேம்களை) அடைத்துவிடும் கட்டளை உண்டு. ஒரே வரி. வெள்ளம் அந்தப் பக்கம் போகாது.

தாமரைக்குளம் (வியாழன், காலை 9.58)

தயவுசெய்து வேண்டாம். எதிர்க் கட்டடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர்கள் இருக்குமே? ஒரு மணி நேரம் யாரும் அச்சிடவில்லை என்றால் மைய ஸ்விட்சின் மேக் அட்டவணையிலிருந்து அந்தப் பிரிண்டர் போய்விடும். ஏஆர்பி-யில் இருக்கும். இப்போது அச்சிட அனுப்பும் முதல் ஃபிரேம் ‘தெரியாத’ ஃபிரேம். அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். பிரிண்டருக்குச் செய்தியே போகாது, ஆகவே அது பதில் பேசாது, ஆகவே அட்டவணையில் வராது. கொட்டுவது ஸ்விட்சின் குறையல்ல, அது கற்றுக்கொள்ளும் வழியே அதுதான். சில நொடிக் கொட்டல் எந்த நெட்வொர்க்கிலும் இருக்கும், இருக்க வேண்டும். மணிக்கணக்கில் கொட்டுவதுதான் நோய்.

பல வி-லேன்களைச் சுமக்கும் ரேடியோ டிரங்கில் வி-லேன் 20-ஐயே அனுமதிக்காமல் விட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. அது முடியுமா?

இரவுப்பணி (வியாழன், காலை 10.40)

முடியாது அக்கா. ஆய்வகக் கருவிகளோடு பேசும் ஒரு சர்வர் எதிர்க் கட்டடத்தில் வி-லேன் 20-இல் இருக்கிறது. அதன் ஐபி-யை மாற்ற வேண்டுமென்றால் கருவி நிறுவனத்தின் ஆள் வர வேண்டும், அவர் வர ஒரு மாதம் ஆகும். பேக்கப் சர்வரிலும் நான் கை வைக்கக் கூடாது, ஒப்பந்தப்படி நிறுவியவர்கள்தான் மாற்ற வேண்டும். அஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ஸ்விட்சுகள் மட்டும் என் கையில்.

பட்டை_அகலம் (வியாழன், காலை 11.15)

அப்படியானால் மேக் அட்டவணையின் 300 நொடியை 14,400-ஐத் தாண்டி ஏற்றிவிடுங்கள். ஏஆர்பி மறக்கும் வரை மேக் மறக்காது. முடிந்தது வேலை.

தாமரைக்குளம் (வியாழன், காலை 11.40)

வேலை செய்யும், ஆனால் நான் மறுபக்கத்தைப் பிடிப்பேன்: ஏஆர்பி-யை 240 நொடிக்கு இறக்குவது. காரணம் இது. ஒரு கருவியை ஒரு ஸ்விட்சிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் செருகினால், பிடுங்கிய ஸ்விட்ச் போர்ட் அணைந்ததைப் பார்த்து உடனே அந்த வரிகளை அழிக்கும். நடுவில் இருக்கும் மற்ற ஸ்விட்சுகளுக்கு அது தெரியாது. கருவி புதிய இடத்திலிருந்து பேசினால் அட்டவணை அந்தக் கணமே திருந்திவிடும். பேசாத கருவியாக இருந்தால் 4 மணி நேரம் பழைய வீட்டுக்கே தபால் போகும், கிணற்றில் போட்ட கல். வெள்ளமாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது.

சிஸ்கோவின் நெக்ஸஸ் ஸ்விட்சுகளில் இயல்பு அளவையே ஏஆர்பி 1,500 நொடி, மேக் 1,800 நொடி என்று வைத்திருக்கிறார்கள். ஏஆர்பி முதலில் காலாவதியாகட்டும், அந்தக் கேள்வி-பதிலில் மேக் வரி புதுப்பிக்கப்படட்டும் என்பதுதான் கணக்கு.

பட்டை_அகலம் (வியாழன், மதியம் 12.05)

400 கருவிகளுக்கு 4 நிமிடத்துக்கு ஒரு முறை ஏஆர்பி என்றால் மைய ஸ்விட்சுக்குச் சுமை இல்லையா?

தாமரைக்குளம் (வியாழன், மதியம் 12.12)

240 நொடியில் 400 கேள்விகள். நொடிக்கு இரண்டுகூட இல்லை. அதிலும் வி-லேன் 20-க்கு மட்டும் போட்டால் போதும். பத்தாயிரம் கருவிகள் இருக்கும் இடத்தில் உங்கள் கேள்விக்கு வேறு பதில் சொல்வேன்.

கோஆக்ஸ் காலத்தவர் (வியாழன், மதியம் 2.30)

யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அட்டவணையில் அந்த முகவரியை நிலையான வரியாகக் கையால் எழுதிவைத்தாலும் சரியாகிவிடும். நான் அப்படிச் செய்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து இன்னொருவர் அந்த சர்வரை வேறு போர்ட்டுக்கு மாற்றினார். நிலையான வரி கற்றுக்கொள்ளாது, மறக்கவும் மறக்காது. மூன்று மணி நேரம் கேபிளை மாற்றினார்கள், அட்டையை மாற்றினார்கள். நான் எழுதிய வரி எனக்கே நினைவில்லை. அன்றிலிருந்து அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

சிலிக்கான்_சிறுவன் (வியாழன், மாலை 6.20)

தாமதமாக வருகிறேன். இந்தச் சிக்கலுக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் ‘412 தானே, இடம் இருக்கிறது’ என்ற வாதத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். பல ஸ்விட்ச் சில்லுகளில் மேக் அட்டவணை வரிசையாக நிரம்பும் நோட்டுப் புத்தகம் அல்ல. முகவரியையும் வி-லேன் எண்ணையும் ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணக்கில் போட்டு, கிடைக்கும் எண்ணுக்குரிய அறையில் போடுவார்கள். ஓர் அறையில் சில இடங்கள்தான். நான்கு பேர் அறைக்கு ஐந்தாவது ஆள் வந்தால், விடுதி முழுக்கக் காலியாக இருந்தாலும் அவருக்கு இடம் இல்லை. அந்த முகவரி பதிவாகாது, எப்போதும் கொட்டப்படும். விளம்பரத் தாளில் 8,000 என்று போட்டிருந்தால் 8,000-மும் நிரம்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 412-க்கு இது நடப்பது அரிது. அதோடு பிங் செய்ததும் பதிவானதே, ஆகவே இங்கே காரணம் இதுவல்ல.

கோட்டைக்காவல் (வியாழன், மாலை 7.00)

விருந்தினர் வைஃபை இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 10, ஆப்பிளின் ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் பொய் முகவரியைக் காட்டுகின்றன. அதனால் அட்டவணை வீங்குமா?

சிலிக்கான்_சிறுவன் (வியாழன், மாலை 7.15)

ஒரு வைஃபை பெயருக்கு ஒரு பொய் முகவரி என்று பெரும்பாலும் நிலையாக வைத்துக்கொள்ளும். ஆகவே பெரிதாக வீங்காது. அடையாளம் காண்பது எளிது: பதினாறடிமான எண்ணில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பொறித்த முகவரி அல்ல, மென்பொருள் சூட்டியது.

இரவுப்பணி (வெள்ளி, அதிகாலை 1.20)

வி-லேன் 20-இல் ஏஆர்பி 240 நொடி போட்டேன். 10 மணிக்கு பேக்கப் தொடங்கியது. எதிர்க் கட்டடத்துக்கு நானே நடந்து போய்த் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெளிவாக இருந்தது. ரேடியோவில் 6 மெகாபிட்! செவிலியர் ஒருவர் டீ கொடுத்தார், இந்த முறை முழு டம்ளரும் குடித்தேன்.

ஆனால் 11 மணிக்கு மறுபடி மூன்று நிமிடம் திக்கியது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. முந்தைய நாள் பதிவுகளில் தேடினால் வெள்ளத்துக்குள் இது தெரியவே இல்லை. அட்டவணையைப் பார்ப்பதற்குள் ஓடிவிட்டது. 11 மணியில் என்ன இருக்கிறது?

வளையம்_தேடி (வெள்ளி, காலை 6.50)

என் நேரம் வந்துவிட்டது. 11 மணிக்கு எதை அணைக்கிறீர்கள்?

ஸ்பானிங் ட்ரீயின் விவரத்தைப் பாருங்கள்: இடவமைப்பு எத்தனை முறை மாறியது, கடைசியாக எந்தப் போர்ட்டிலிருந்து என்று காட்டும்.

இரவுப்பணி (வெள்ளி, காலை 8.05)

பில்லிங் கவுன்டர்கள் 11 மணிக்கு மூடுகின்றன. ஒன்பது கணினிகளையும் அணைத்துவிட்டுப் போவார்கள். மாற்றங்களின் எண்ணிக்கை 21,000-க்கு மேல்! கடைசி மாற்றம் தரைத்தள ஸ்விட்சின் திசையிலிருந்து, நேற்று இரவு 11 மணிக்கு.

வளையம்_தேடி (வெள்ளி, காலை 8.30)

அதேதான். பழைய வகை ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் எழுந்தாலும் விழுந்தாலும் அந்த ஸ்விட்ச் தலைமையாக இருக்கும் வேர் ஸ்விட்சுக்குத் தகவல் சொல்லும். வேர் 35 நொடிக்கு ‘இடவமைப்பு மாறிவிட்டது’ என்று எல்லோருக்கும் அறிவிக்கும். அதுவரை எல்லா ஸ்விட்சுகளும் 300 நொடி நினைவை 15 நொடியாகக் குறைத்துக்கொள்ளும். பாதை மாறியிருந்தால் பழைய முகவரிகளை நம்பக் கூடாது என்பது நியாயமான எண்ணம். ஆனால் மாறியது பாதை இல்லை, ஒரு பில்லிங் கணினியை அணைத்திருக்கிறார்கள், அவ்வளவே. 15 நொடி பேசாதவர் அட்டவணையிலிருந்து போய்விடுவார். உங்கள் பேக்கப் சர்வரின் முதல் அட்டை 4 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பேசுகிறது. அடுத்த ஏஆர்பி வரை வெள்ளம். நீங்கள் சொன்ன மூன்று நிமிடம்.

கணினிகள் செருகும் போர்ட்டுகளில் எல்லாம் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். அந்தப் போர்ட் எழுந்து விழுவது இடவமைப்பு மாற்றமாகக் கணக்கில் வராது. ஸ்விட்சுகளுக்கு இடையிலான போர்ட்டில் மட்டும் தவறியும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் நிஜ வளையத்தோடு இங்கே வந்து நிற்பீர்கள். முடிந்தால் ஸ்பானிங் ட்ரீயின் ராபிட் (வேக) வகைக்கு மாறுங்கள். அதில் கணினி அணைவது அறிவிக்கப்படுவதே இல்லை.

முதலாண்டு_மாணவி (வெள்ளி, காலை 9.10)

அப்படியானால் மற்ற சர்வர்களுக்கு 11 மணிக்கு ஏன் எதுவும் ஆகவில்லை?

தாமரைக்குளம் (வெள்ளி, காலை 9.25)

அவை நொடிக்குப் பல முறை பேசுகின்றன. 15 நொடி வாயை மூடிக்கொண்டிருப்பதே அவற்றுக்கு முடியாத காரியம். அழிந்தாலும் அடுத்த ஃபிரேமிலேயே மறுபடி பதிவாகிவிடும்.

இரவுப்பணி (அடுத்த புதன், இரவு 10.40)

போர்ட்ஃபாஸ்ட் போட்டேன். நான்கு நாளில் இடவமைப்பு மாற்றம் இரண்டே இரண்டு, இரண்டும் மின்வெட்டின்போது. 11 மணித் திக்கலும் போய்விட்டது.

சர்வரை நிறுவியவர்கள் நேற்று வந்தார்கள். வி-லேன் 20 முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட் வி-லேன் 20-இன் கேட்வே வழியாகவே போக வேண்டும் என்று ஒரு விதியும் தனி ரூட்டிங் அட்டவணையும் சேர்த்தார்கள். பத்து நிமிட வேலை. ஆர்பி-ஃபில்டரைப் பழையபடி 1 ஆக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆக்கினார்கள். ஏஆர்பி 240-ஐயும் எடுக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது. முகவரி மைய ஸ்விட்சின் அட்டவணையில் 3-ஆம் போர்ட்டுக்கு நேராக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்க் கட்டடத்திலிருந்து இப்போதுதான் அழைத்தார்கள். குரல் பளிச்சென்று இருந்தது. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதாம். போய்விட்டு வருகிறேன்.